மாவை வென்ற மாவீரன்

எங்கள் அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில், நுழைவாயிலை அடுத்த கூடத்தில், முப்பத்தெட்டு நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்தொன்பது வருடங்களாக இதைச் செய்துவருகிறேன், நின்றபடியே.

நீதிபதி ஒருவர் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிய அகலமான நாற்காலி, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி, முடிதிருத்துபவரின் சுழல் நாற்காலி, யார் எதற்குச் செய்தார்கள் என்றே தெரியாத மூன்று கால் நாற்காலி என்று விதவிதமானவை. ஒவ்வொன்றின் முன்னும் சிவப்புக் கயிறு. யாராவது கயிற்றைத் தாண்டினால் "தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். முதல் ஐந்து வருடம் வாயால் சொன்னேன். பிறகு கண்ணாலேயே சொல்லக் கற்றுக்கொண்டேன். எங்கள் தொழிலில் இதைத்தான் அனுபவம் என்கிறார்கள்.

சர்க்கரை எனக்குப் பதினொரு வருடமாக இருக்கிறது. நான் அதைத் தொந்தரவு செய்ததில்லை, அதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை என்று நினைத்திருந்தேன். காலையில் ஒரு மாத்திரை போடுவேன். மாத்திரைக்கும் வேலை வேண்டுமே என்று இரண்டு பன் தின்பேன். என் மனைவி ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். கருகினது, உடைந்தது, கோணலாக உப்பினது எல்லாம் ஒரு துணிப்பையில் வீட்டுக்கு வரும். கோணலானதெல்லாம் எனக்கு என்பது கல்யாணமான நாளிலிருந்தே எங்களுக்குள் பேசாமல் பேசிக்கொண்ட ஒப்பந்தம்.

போன வருடம் பாதங்கள் பேச ஆரம்பித்தன. முதலில் சாக்ஸுக்குள் மணல் கிடப்பது போல இருந்தது. உதறிப் பார்த்தேன், மணல் இல்லை. அடுத்து எறும்பு ஊர்ந்தது. எறும்பும் இல்லை. பிறகு மதியம் மூன்று மணிக்கு மேல் சூடான அடுப்புத் தட்டில் நிற்பது போல எரிய ஆரம்பித்தது. இதில் விசித்திரம், எரிகிற அதே பாதத்தில் தொட்டால் உணர்ச்சி கிடையாது. ஒரு சாயங்காலம் வீட்டில் ஷூவைக் கழற்றினால், அறிவிப்புப் பலகையில் காகிதம் குத்துகிற பித்தளை ஊசி ஒன்று குதிகாலில் ஏறி நிற்கிறது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்.

"ஏங்க, இதுகூடவா தெரியல?" என்றாள் மனைவி.

"அறிவிப்பு ஏதாவது ஒட்டிட்டு வந்திருக்கா பாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். நான் இரண்டு இடத்தில் 'ஆமா' சொன்னேன். அதில் ஒன்று அவர் தொடாதபோது சொன்னது.

"சுகரால நரம்பு கெட்டிருக்கு. ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு எல்லாத்தையும் படிப்படியா குறைங்க. அவசரப்படாதீங்க, மருந்தையும் சேர்த்து மாத்தணும். அப்புறம் இப்படி நாள் பூரா நிக்கக் கூடாது. என்ன வேலை? உக்காந்து பார்க்கிறதுதானே?"

"உக்கார விடாம பார்க்கிறது, டாக்டர்."

வேலை நேரத்தில் இவருக்கு உட்கார ஒரு நாற்காலி தர வேண்டும் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு நிர்வாக அலுவலரிடம் போனேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர். யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார்.

"நாற்காலி குடுக்கிறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எங்க போடுவீங்க?"

"கூடத்துலதான் சார், ஒரு மூலையில."

"அங்கதான் சிக்கல். அந்தக் கூடத்துக்குள்ள வர்ற நாற்காலி காட்சிப் பொருள் ஆயிடும். காட்சிப் பொருள்னா பதிவு எண் வேணும். எந்தக் காலத்துதுன்னு நிபுணர் எழுதித் தரணும். முன்னாடி கயிறு கட்டணும். கயிறு கட்டினதுக்கப்புறம் நீங்க அதுல உக்காந்தா, உங்களை நீங்களேதான் எழுப்பிவிடணும்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாதி வழியில்தான் எதற்காகப் போனோம் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய், ஒரு விண்ணப்பமாவது எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். 'பாதம் மரத்துப்போகிறது. நின்றால் எரிச்சல் வருகிறது' என்று சுருக்கமாக எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பணியாளர் பிரிவிலிருந்து. பணி நேரத்தில் எரிச்சல்படுவது நன்னடத்தைக்கு விரோதமானது, இனி சிரித்த முகத்துடன் நிற்க வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். மற்றொன்று, 'மரத்து' என்ற சொல் இருப்பதால் என் கோப்பு மரப்பொருள் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் அருங்காட்சியகத்தில் நல்வாழ்வுப் பிரிவு தொடங்கினார்கள். அதுவரை வாகன நிறுத்துமிடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நல்வாழ்வு அதிகாரி ஆனார். ஆட்களையும் அவர் வண்டிகளைப் போலவே பார்த்தார். வரிசையாக நிற்க வேண்டும், குறுக்கே நிற்கக் கூடாது. ஊழியர்களில் பலருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் 'மாவு ஒழிப்பு இயக்கம்' அறிவித்தார். கேன்டீனில் ரொட்டி நின்றது, சர்க்கரை நின்றது. காலையில் வாசலில் மேசை போட்டு ஊழியர்களின் பைகளைச் சோதித்தார்கள். பிஸ்கட், பன், மிட்டாய், பழரசம் எல்லாம் பறிமுதல். என்ன இருந்தாலும் நாங்கள் அருங்காட்சியகத்தார். பறித்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. உறை போட்டு, எண் ஒட்டி, தேதி எழுதி, கண்ணாடி அலமாரியில் அடுக்கினார்கள். பதிவு எண் ஒன்று, என் மனைவி பிசைந்த பன். அந்தப் பெருமை எங்கள் குடும்பத்துக்கு.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் மதம் மாறியவன் போல ஆகிவிட்டேன். டாக்டரம்மா 'படிப்படியா' என்றார். என் காதில் 'அடியோடு' என்று விழுந்தது. முட்டை, முட்டைக்கோஸ், மீன், வெள்ளரிக்காய், மறுபடி முட்டை. வீட்டில் ரொட்டி என்ற சொல்லே கூடாது என்றேன். வேலையிலிருந்து வந்த மனைவியின் முந்தானையில் மாவு வாசனை அடித்தால் ஏதோ துரோகத்தைக் கண்டுபிடித்தவன் போல முறைத்தேன்.

"அந்த மாவுலதான் நம்ம வீடு நடக்குது" என்றாள் அவள்.

"மாவு மெல்லக் கொல்ற விஷம்" என்றேன்.

"இருபத்தாறு வருஷமா கொடுக்கிறேன். இன்னும் பேசிட்டுத்தானே இருக்கீங்க?"

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தேன். பதினொன்றுக்கு மேல் இருந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறரைக்கு இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யார் நேரம் கேட்டாலும் அதை எடுத்துக் காட்டினேன்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. கால் வலி குறையவில்லை. கூடியிருந்தது. முன்பு மூன்று மணிக்கு ஆரம்பித்த எரிச்சல் இப்போது பதினோரு மணிக்கே வந்து கையெழுத்துப் போட்டது.

"இவ்வளவு வேகமா குறைக்கச் சொன்னேனா?" என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சுகர் திடீர்னு இறங்கினா சிலருக்கு நரம்பு வலி கொஞ்ச காலம் அதிகமாகும். பெரும்பாலும் மெல்ல அடங்கும், மாத்திரை தர்றேன். நிக்கிறதை மட்டும் நிறுத்துங்க. நாற்காலி என்ன ஆச்சு?"

"பரிசீலனையில இருக்கு, டாக்டர்."

அது உண்மை. மறுவாரமே வலி மதிப்பீட்டுக் குழு என்னைக் கூப்பிட்டது. குழுவில் மூன்று பேர். நிர்வாக அலுவலர், நல்வாழ்வு அதிகாரி, மூன்றாவதாக ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவர் கிடைக்காததாலும், கோப்பு ஏற்கெனவே அங்கே இருந்ததாலும், மரப்பொருள் பிரிவின் பூச்சி நிபுணர் வந்திருந்தார். மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன்.

பூச்சி நிபுணர் என் ஷூவைக் கழற்றச் சொல்லி, விரல் மடித்துப் பாதத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "வெளிப்பார்வைக்குத் துளை எதுவும் இல்ல. தூளும் கொட்டல" என்று அறிக்கை சொன்னார்.

"பத்துக்கு எத்தனை வலி?" என்றார் நிர்வாக அலுவலர்.

"எட்டு, சார்."

"உணர்ச்சி எவ்வளவு இல்ல? அதையும் பத்துக்குச் சொல்லுங்க."

"அதுவும் எட்டு இருக்கும், சார்."

அவர் காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போட்டார். "வலி எட்டு. வலி தெரியாம இருக்கிறதும் எட்டு. கழிச்சா ஒண்ணுமில்ல. இது நான் சொல்றதில்ல, கணக்கு சொல்லுது."

என் உதட்டில் ஏதோ பதில் வந்தது. அதற்குள் நல்வாழ்வு அதிகாரி என் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த காகிதத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "பதினொண்ணுலேர்ந்து ஆறரையா! சார், இவருக்கு வலி இருக்கவே முடியாது. இவர்தான் நம்ம இயக்கத்தோட வெற்றி!"

விழா எடுத்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. நல்வாழ்வு அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். "இந்த வருஷக் கடைசிக்குள்ள நம்ம ஊழியர்கள்ல யாருக்கும் சர்க்கரை நோய் இருக்காது. ஏன்னா இருக்காதுன்னு நான் மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். இனி யாருக்காவது இருந்தா அது அவங்க சொந்த விருப்பம்!" கைத்தட்டல். முக்கால் மணி நேரமும் மேடையில் என்னை நிற்க வைத்திருந்தார்கள். பாதம் இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தன. முகத்தில் எழுந்த வேதனையைப் பார்த்தவர்கள், நெகிழ்ந்துபோய்விட்டார் என்று பேசிக்கொண்டார்களாம்.

மேடைக்குப் பின்னால் நல்வாழ்வு அதிகாரி என் காதில் சொல்லியிருந்தார். "வலி போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாற்காலி விஷயத்தை அப்புறம் சாதகமா பார்க்கலாம்." வலி இல்லாதவனுக்கு எதற்கு நாற்காலி என்று அவரிடம் நான் கேட்டிருக்கலாம். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடமாக 'தொடாதீங்க' தவிர வேறு எதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது முந்நூறு பேர் காத்திருக்கிறார்கள்.

"மாவை விட்டேன். வலி என்னை விட்டுச்சு!" என்றேன்.

அரங்கம் அதிர்ந்தது. மறுவாரம் நுழைவாயிலில் ஆள் உயரச் சுவரொட்டி. மார்புக்குக் குறுக்கே கை கட்டி நான் நிற்கிறேன். மேலே, 'மாவை வென்ற மாவீரன்'. எழுத்தின் அழகை ரசிப்பதற்காக நான் தினமும் இரண்டு முறை அந்தப் பக்கமாக நடந்தேன். அவ்வளவு வலியிலும் நடந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் டிக்கெட் அக்கா. சுவரொட்டிக்கு நேர் எதிரேதான் அவர் ஜன்னல். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கும் சுகர்தான். காலையும் சாயங்காலமும் ஊசி போட்டுக்கிறேன். உன்னை மாதிரி நானும் மாவை விட்டுடலாமா?"

டாக்டரைக் கேளுங்க என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். மாவீரர்கள் இரண்டு வார்த்தையில் பேசுவதில்லை. அவர் ஜன்னலில் முழங்கை ஊன்றி இருபது நிமிடம் பேசினேன். "யோசிக்கவே யோசிக்காதீங்க அக்கா. நாளைக்கே விடுங்க" என்று முடித்தேன். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாததைப் பற்றிப் பேசாமல் இருந்த ஒரே இடம் அதுதான். பேசியிருக்க வேண்டிய இடமும் அதுதான்.

நாலாவது நாள், பதினோரு மணி. ஒரு டிக்கெட் கேட்டவருக்கு அக்கா பதினேழு டிக்கெட் கிழித்துக் கொடுத்ததாகச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கவுன்டரை விட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்தபடி கூடத்துப் பக்கம் தள்ளாடி வருகிறார். முகமெல்லாம் வியர்வை. கை வெடவெடவென்று நடுங்குகிறது. "பஸ் போயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டரம்மா கொடுத்த துண்டுத்தாளில் படம் போட்டிருந்தது. காலையில் வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டு, என் பேச்சைக் கேட்டு மாவுப் பண்டம் எதுவும் தின்னாமல் வந்திருக்கிறார். அவரை எங்கே உட்கார வைப்பது? சுற்றிலும் முப்பத்தெட்டு நாற்காலி. கயிற்றை அவிழ்த்தேன். நீதிபதியின் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தேன். ஒரு பார்வையாளரம்மாவிடம் "கொஞ்சம் புடிச்சுக்கங்க, இன்னொருத்தரை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லுங்க" என்று கத்திவிட்டு ஓடினேன்.

ஒரு மிட்டாய் போதும். ஒரு கரண்டி சர்க்கரை போதும். அந்தக் கட்டடம் முழுக்க எங்குமே கிடையாது. அந்த அலமாரியைத் தவிர.

நல்வாழ்வு அதிகாரி அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை.

"தாராளமா எடுக்கலாம். வெளியே எடுக்கிற படிவத்துல ரெண்டு கையெழுத்து வேணும். என்னோடதை இப்பவே போட்டுடறேன். இன்னொண்ணு இயக்குநரோடது."

"அவர் எங்க சார்?"

"கருத்தரங்குல. சர்க்கரை நோயாளிகளுக்கு அவசர உதவி செய்றது எப்படின்னு. மூணு மணிக்கு முடிஞ்சுடும்."

நான் அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்தேன். எங்கள் அலுவலகத்துப் பூட்டுகள் எல்லாவற்றையும் போல அதுவும் மரியாதைக்காகத்தான் பூட்டியிருந்தது. பழரசப் பெட்டி ஒன்றையும் மிட்டாய்ப் பொட்டலத்தையும் அள்ளினேன்.

"அது நாற்பத்தொண்ணாம் எண்! முழுசா இருக்கிறது அது ஒண்ணுதான்!" என்று அவர் கத்தியது படிக்கட்டு வரை கேட்டது.

அக்காவால் இன்னும் விழுங்க முடிந்தது. உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பெட்டி காலியானபோது என் கால்கள் இரண்டும் தீப்பிடித்தது போல இருந்தன. அடுத்திருந்த கயிற்றைத் தாண்டிப் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. உள்ளதைச் சொல்ல வேண்டும், மிக வசதியான நாற்காலி.

கூட்டம் கூடிவிட்டது. பலர் படம் எடுத்தார்கள். "அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

பத்து நிமிடத்தில் அக்காவின் கண் தெளிந்தது. சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, எங்க இருக்கேன்?"

"நீதிபதி நாற்காலியில, அக்கா."

"அப்ப உண்மையைச் சொல்லு. உனக்கு வலி நிஜமாவே போயிடுச்சா?"

"இல்ல அக்கா. அதிகமாயிருக்கு."

"அப்புறம் ஏன்டா மேடையில அப்படிச் சொன்ன?"

நாற்காலிக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மையில்லை.

"கை தட்டினாங்க, அக்கா."

அவர் உறிஞ்சுகுழலை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போனது.

விசாரணை வைத்தார்கள். கயிறு அவிழ்த்தது, படிவம் இல்லாமல் பொருள் எடுத்தது, காட்சிப் பொருளில் உட்கார்ந்தது என்று மூன்று குற்றச்சாட்டு. நல்வாழ்வு அதிகாரி தன் தரப்பை நிதானமாகச் சொன்னார். "அந்தம்மா மயங்கினதை நம்ம திட்டத்துக்கு எதிரா பேசறாங்க. நல்லா யோசிங்க. ஒரு ஊழியர் உடம்புல அன்னைக்குச் சர்க்கரையே இல்லைன்னு நிரூபணமாயிருக்கு. நாம எழுதிக் குடுத்த இலக்கை முதல்ல எட்டினவங்க அவங்கதான்."

நான் மூன்றையும் ஒப்புக்கொண்டேன். நாலாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். "மேடையில பொய் சொன்னேன், சார். அதைக் கேட்டுத்தான் அந்த அக்கா விழுந்தாங்க."

நிர்வாக அலுவலர் பட்டியலைப் புரட்டினார். "விழாவுல பேசினதுக்குத் தண்டனை கிடையாதே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "அப்படி ஒரு விதி போட்டா விழாவே நடத்த முடியாது."

நாற்காலிகளின் நம்பிக்கையை இழந்தவன் என்று எழுதி, என்னைக் காவல் பணியிலிருந்து இறக்கினார்கள். பல வருடமாகக் காலியாக இருந்த இரண்டாவது டிக்கெட் ஜன்னலுக்கு மாற்றம். அது கீழ்நிலைப் பணி. சீருடை கிடையாது, விசில் கிடையாது. ஆணையின் கடைசி வரியில், இப்பணியை உட்கார்ந்தே செய்ய வேண்டும், எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

வீட்டில் ஆணையைக் காட்டினேன். மனைவி முழுதாகப் படித்துவிட்டு, "தண்டனைன்னு வெளியில சொல்லிக்காதீங்க, பொறாமைப்படுவாங்க" என்றாள். அன்று தட்டில் மீனும் கீரையும் இருந்தன. பக்கத்தில் டாக்டரம்மா சொன்ன அளவில் ஒரே ஒரு துண்டு ரொட்டி. கோணலாக இல்லை. நல்லதாகப் பார்த்து எடுத்து வந்திருந்தாள்.

அக்கா இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். ஊசியின் அளவை மாற்றியிருந்தார்கள். எந்த வேளை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நான் முதல் வேலையாக எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். விதிமீறல்தான்.

"உக்காரு" என்றார். கொஞ்ச நேரம் சில்லறை டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கால் இப்ப எப்படி இருக்கு?"

பத்துக்கு எத்தனை என்று சொல்லப் பழகியிருந்தேன். அவர் எண் கேட்கவில்லை.

"வலிக்குது, அக்கா. முன்ன மாதிரி இல்ல. ஆனா வலிக்குது."

"ம். எனக்கும் அப்படித்தான். ஏழு வருஷமாச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் மேடைக்குக் கீழே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதத்தையும் குளிர்ந்த தரையில் அழுத்தி வைத்திருந்தார். இருபது நிமிடம் அந்த ஜன்னலில் முழங்கை ஊன்றிப் பேசியிருக்கிறேன். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

"என்கிட்ட சொல்லவே இல்லையே, அக்கா?"

"நீ எங்க கேட்ட?" என்றார் அவர். டிக்கெட் மெஷினை என் பக்கம் தள்ளி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார்.